ஷூ டப்பாவில் ஒரு நடன இரவு: அரிய எலக்ட்ரானிக் ட்ராக்குகளைத் தொகுப்பாக்குவது எப்படி

என்னிடம் ஒரு பழைய ஷூ டப்பா இருக்கிறது. உள்ளே முழுக்க அட்டைகள். ஒரு ட்ராக்குக்கு ஓர் அட்டை. மேலே பெயர், ஆண்டு, லேபிள் (வெளியிட்ட நிறுவனம்). நடுவில் வேகமும் சுருதியும். கீழே பொடி எழுத்தில், தொடக்கத்தில் எத்தனை பார் (நாலு அடி ஒரு பார்) வெறும் கிக், அதாவது கனத்த அடி டிரம், ஓடுகிறது, குரல் எங்கே நுழைகிறது, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று குறித்திருப்பேன். தொகுப்பு செய்ய உட்கார்ந்தால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் இந்த அட்டைகளைத் தரையில் பரப்புவேன். ஃபேனை அணைத்துவிட்டுத்தான். ஒருமுறை மறந்துவிட்டேன்; இரண்டு மணி நேர வேலை கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

டிஜே தொகுப்பு என்றால் தன்னிடம் இருக்கும் அபூர்வங்களை வரிசையாக எடுத்துக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். உலகத்திலேயே 300 பிரதிதான் இருக்கிறது என்ற செய்தி கேட்பவர் காதில் விழாது. இதற்கு முன்னால் என்ன ஒலித்தது, அடுத்து என்ன வருகிறது என்பதுதான் விழும். ரேர் என்பது ஒரு ட்ராக்கை டப்பாவுக்குள் கொண்டுவரும்; தொகுப்புக்குள் கொண்டுவராது. கீழே இருக்கும் படிகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தில் நிற்பவை.

முதல் படி: மிக்ஸா, தனித்தனியா?

இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றினால் பாதி வேலை வீண்.

மிக்ஸ் தொகுப்பில் ட்ராக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நிற்காமல் ஓடும். 1975-இல் டாம் மோல்டன், குளோரியா கெய்னரின் எல்பி ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க மூன்று பாட்டை இடைவெளியே இல்லாமல் கோத்துக் கொடுத்தார். அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான் 1990-களில் வந்த டிஜே சிடிகள். 1995-இல் கோல்ட்கட் என்ற பிரிட்டிஷ் டிஜே இரட்டையர் செய்த '70 மினிட்ஸ் ஆஃப் மேட்னஸ்' இன்றைக்கும் பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கது. ஹிப்ஹாப், ஜங்கிள், டெக்னோ, டிவி தொடரின் இசை, பேச்சுத் துண்டு எல்லாம் உள்ளே உண்டு, ஆனால் தையல் தெரியாது. அதே ஆண்டில் பெர்லினின் கே7 லேபிள் 'டிஜே கிக்ஸ்' வரிசையைத் தொடங்கியது. லண்டன் ஃபேப்ரிக் கிளப் 2001 முதல் 2018 வரை தன் இரண்டு வரிசைகளிலும் நூறு நூறு சிடி போட்டது. அதில் 36-ஆம் எண்ணில், 2007-இல், ரிக்கார்டோ வில்லலோபோஸ் முழுக்கத் தன் சொந்த ட்ராக்குகளையே வைத்து மிக்ஸ் செய்தார். அது தொகுப்பா ஆல்பமா என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தனித்தனித் தொகுப்பின் தர்மம் வேறு. நியூயார்க்கில் 1970 முதல் 'லாஃப்ட்' விருந்துகளை நடத்திய டேவிட் மன்குசோ ஒரு கட்டத்தில் மிக்ஸ் செய்வதையே விட்டுவிட்டார். ஒரு ட்ராக்கை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஓடவிட்டு, அது அடங்கிய பிறகுதான் அடுத்தது. இசைக் கலைஞர் எழுதியதை நடுவில் வெட்ட நாம் யார் என்ற நிலைப்பாடு. 1999-இல் நியூஃபோனிக் லேபிள் வெளியிட்ட லாஃப்ட் தொகுப்பும் அதே மனநிலையில் செய்ததுதான்.

நீங்கள் தேர்ந்தவை பெரும்பாலும் எட்டு நிமிடம், பத்து நிமிடம் மெல்ல விரிகிற ட்ராக்குகளா? தனித்தனியாகவே போடுங்கள். மூன்று நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிடும் ட்ராக்குகள் நிறைய என்றால் மிக்ஸ். சிடியில் 74 நிமிடம், இழுத்தால் 80. எல்பி என்றால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் போனால் சத்தம் குறையத் தொடங்கும். அதனால்தான் பல லேபிள்கள் சிடியை மிக்ஸாகவும் இரட்டை எல்பியைத் தனி ட்ராக்குகளாகவும் போடுகின்றன. எல்பி வாங்குகிறவர் பெரும்பாலும் டிஜே, அவருக்குத் தேவை முழு ட்ராக்.

இரண்டாம் படி: ஒரு சரடு

'எக்லெக்டிக்', அதாவது பலவகை கலந்தது, என்ற சொல் ஆபத்தானது. எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அர்த்தமாக்கிக்கொண்டால் கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா ஆகிவிடும். பலதரப்பட்டவை சேர்ந்து நிற்க ஒளிந்திருக்கும் சரடு ஒன்று வேண்டும்.

இத்தாலியில் கார்தா ஏரிக்கரையில் லாட்ஸிசே என்ற சிற்றூர். 1979 முதல் 1984 வரை அங்கே 'காஸ்மிக்' என்ற டிஸ்கோ இருந்தது. அதன் டிஜே டானியேலே பால்டெல்லி ஜெர்மன் எலக்ட்ரானிக், ஆப்பிரிக்க டிரம்ஸ், பிரேசில் பாட்டு, சிந்த் பாப் எல்லாவற்றையும் ஒரே இரவில் போட்டார். காகிதத்தில் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. ஆனால் நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை 33-இல் ஓட்டினார், 33-ஐ 45-இல் ஓட்டினார். எல்லாம் ஏறக்குறைய ஒரே மந்தமான, தள்ளாடும் நடைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய சரடு வேகம். பாணி இரண்டாம் பட்சம்.

ட்ரெவர் ஜாக்ஸன் 2012-இல் ஸ்ட்ரட் லேபிளுக்குச் செய்த 'மெட்டல் டான்ஸ்' வேறு வழி. 1980 முதல் 88 வரை, தொழிற்சாலைச் சத்தமும் போஸ்ட் பங்க்கும் நடனத் தளத்தில் மோதிய இடம் என்று எல்லை கட்டிக்கொண்டார். எல்லை இறுக்கமாக இருந்ததால் உள்ளே எவ்வளவு விசித்திரமும் தாங்கியது.

உங்கள் சரடை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'எனக்குப் பிடித்தவை' என்பது வாக்கியமே அல்ல. 'டிரம் மெஷின் வாங்கிய ஜாஸ்காரர்கள்', 'குரல் இருந்தும் சொல் இல்லாத ட்ராக்குகள்' என்கிற மாதிரி ஒன்று. அட்டை ஒவ்வொன்றையும் எடுத்து அந்த வாக்கியத்தின் முன் நிறுத்துங்கள். எனக்கு இந்தச் சுற்றில் பாதி டப்பா காலியாகிவிடும். வலிக்கத்தான் செய்யும்.

மூன்றாம் படி: தேடல்

ரேர் என்பதில் வகைகள் உண்டு. குறைவாக அச்சடித்தது ஒரு வகை. அச்சே ஆகாத டேப் இன்னொன்று. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் நிறுவிய மூக் சிந்தசைசரில் (மின்னணுவால் ஒலி உண்டாக்கும் கருவி) இந்தியர்கள் பதிவு செய்த சுருள்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தது. அது நடன இசை இல்லை, ஆனால் இந்த வகைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மூன்றாவது வகை, எல்லோர் வீட்டிலும் இருக்கும் தட்டின் யாரும் திருப்பிப் போடாத பி பக்கம். இதுதான் மலிவு. தொடங்குகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும்.

நாலாவது வகை நமக்கு வேடிக்கையாக இருக்கும். ஓர் ஊரில் தெருவெல்லாம் ஒலித்தது, இன்னோர் ஊரில் கேள்வியே படாதது. பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் லேபிள், இளையராஜாவின் சிந்தசைசர் காலப் பாட்டுகளை 'சொல்ல சொல்ல', 'இலெக்ட்ரோ' என்று தொகுத்தது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வளர்ந்த பேஸ் லைனுக்கு அங்கே 'அரிய கண்டெடுப்பு' என்று பெயர். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். எனக்கென்னவோ அந்தத் தொகுப்பாளர்களின் காது பிடித்திருக்கிறது. நாம் ஹீரோ முகத்தோடு சேர்த்துக் கேட்டதை அவர்கள் வெறும் ஒலியாகக் கேட்டார்கள். டிரம் மெஷின் என்ன செய்கிறது என்று அப்போதுதான் நமக்கே தெரிகிறது.

சரண்ஜித் சிங் கதை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது, ஆனாலும் தேடலுக்குப் பாடமாகச் சொல்கிறேன். மும்பை சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். 1982-இல் ரோலண்டின் டிபி 303 பேஸ் மெஷின், டிஆர் 808 டிரம் மெஷின், ஜூபிடர் 8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். விற்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1987-இல், சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே டிபி 303-ஐத் திருகி வெளியிட்ட தட்டிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற பெயர் உலகம் சுற்றியது. நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன் 2002-இல் டெல்லிக் கடை ஒன்றில் சிங்கின் தட்டை எடுத்தார். மும்பையில் அவரைத் தேடிப் பிடித்தார். மறுவெளியீடு வந்தது 2010-இல். நடுவில் எட்டு ஆண்டு. தட்டு கிடைத்த நாளே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இந்த எட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையால் தேடும் முறை ஒன்று சொல்கிறேன். பிடித்த தட்டு ஒன்றின் பின் அட்டையை எடுங்கள். பாடகர் பெயரை விடுங்கள். சவுண்ட் இன்ஜினியர், ஸ்டுடியோ, சிந்தசைசர் வாசித்தவர் பெயர்களைக் குறியுங்கள். இசைத் தட்டுகளின் விவரப் பட்டியலான டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பெயர்களைச் சொடுக்கினால் அவர்கள் வேலை செய்த மற்றத் தட்டுகள் வரும். அந்தத் தளம் 2000-இல் தொடங்கியபோது எலக்ட்ரானிக் இசைக்கு மட்டுமே இருந்தது, அதனால் இந்தத் துறைத் தகவல் அங்கே ஆழமாக இருக்கும். ஓர் இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டு போனால் அவர் ஊரின் மொத்த ஒலியும் கைக்கு வரும். விலைப் பட்டியலைப் பார்த்துத் தேடாதீர்கள். விலை ஏறிய தட்டை உங்களுக்கு முன் நூறு பேர் தொகுத்திருப்பார்கள்.

நான்காம் படி: உண்மைதானா என்று பார்ப்பது

வாங்கும் முன், தட்டின் வரிகள் முடிந்து நடுவிலுள்ள காகித லேபிள் தொடங்கும் இடத்தில் உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் கீறி எழுதிய எண்கள் தெரியும். எந்தப் பதிப்பு, எந்த வெட்டு என்று சொல்வது அதுதான். உறையை நகலெடுப்பது சுலபம். வளையத்தில் உள்ள கையெழுத்து அப்படி ஏமாற்றாது. டிஸ்காக்ஸில் இருக்கும் எண்ணோடு ஓர் எழுத்து மாறினாலும் நின்று யோசியுங்கள்.

வெள்ளை லேபிள் தட்டு என்றால் இன்னும் கவனம். பெயர் இல்லாமல் வருவதால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். நண்பர்களுக்காகச் செய்த ஒரு கேசட்டில் நான் தவறான பெயர் போட்டுவிட்டேன். உண்மையில் வாசித்தவரின் மாணவர் ஒருவர் மிகவும் மரியாதையாகத் திருத்திக் கடிதம் எழுதினார். திட்டியிருந்தால் தேவலை.

ஐந்தாம் படி: தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

அவசரப்படுகிறவர்கள் சறுக்கும் இடம் இது. மாஸ்டர் டேப் (மூலப் பதிவு நாடா) கிடைத்தால் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரிய ட்ராக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு டேப் இருக்காது, தட்டுதான் கதி.

முதலில் கழுவ வேண்டும். டிஸ்டில்ட் வாட்டர், ஒரு சொட்டு மிதமான சோப்பு, மென்மையான பிரஷ். வரியின் போக்கிலேயே சுற்றி, பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி நிழலில் நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு வரிக்குள் காய்ந்து புதுச் சத்தம் போடும். பழைய 78 சுழற்சித் தட்டு கையில் வந்தால் அதன் பக்கம் ஆல்கஹாலைக் கொண்டுபோகாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். அந்தக் காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள், இல்லையென்றால் கழுவியது ஒரு மாதம்கூடத் தாங்காது.

டர்ன்டேபிளிலிருந்து வரும் சிக்னலை ஃபோனோ ப்ரீஆம்ப் வழியாகத்தான் எடுக்க வேண்டும். தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கூர்மையான ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகச் சரிசெய்யும். நேராகச் செருகினால் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் வரும்.

அடுத்தது கிரவுண்ட் வயர். டர்ன்டேபிளின் பின்னால் தொங்கும் மெல்லிய கம்பி, ப்ரீஆம்பின் திருகில் இறுக வேண்டும். நான் ஒருமுறை 14 தட்டுகளைப் பதிவு செய்து முடித்தேன். ஹெட்ஃபோனில் எல்லாம் சுத்தம். நண்பர் வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போட்டதும் கிக் அடிக்கும் இடைவெளியிலெல்லாம் கீழே ஒரு 'ம்ம்ம்'. கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகல், கிக்கின் பேஸ் வாழும் அதே மாடியில் குடியிருக்கிறது. திருகு அரைச்சுற்று தளர்ந்திருந்தது. வடிகட்டி எடுக்கலாம், ஆனால் கூடவே கிக்கின் வயிறும் போய்விடும். 14-ஐயும் மறுபடி பதிவு செய்தேன்.

24 பிட்டில், மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கும்படி எடுங்கள். சொடுக்குச் சத்தங்களை நீக்க ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும், ஆனால் முழு ட்ராக்குக்கும் ஒரே அழுத்தில் செய்யாதீர்கள். ஹை ஹேட் என்ற ஜால்ரா போன்ற தட்டின் தொடக்கமும் தூசியின் சொடுக்கும் அலைவடிவத்தில் ஒரே முகம். மெஷின் இரண்டையும் தின்றுவிடும், பிறகு தாளத்தில் பல் இருக்காது. பெரிய சொடுக்குகளைக் கையால் தனித்தனியே எடுங்கள், சின்னவற்றை விட்டுவிடுங்கள். ஒரு ட்ராக்குக்கு ஒரு மாலை ஆகும்.

ஆறாம் படி: வரிசை

இப்போது அட்டைகள் தரைக்கு வருகின்றன.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் 1200 மார்க் 2-இல் வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் ட்ராக் ஏறக்குறைய 110-லிருந்து 130 வரை நகரும். கம்ப்யூட்டரில் வரம்பு இல்லை என்றாலும் இந்த 8-ஐ மதியுங்கள். அதற்கு மேல் இழுத்தால் குரல் ரப்பராகும், டிரம்ஸ் உலரும்.

பெரிய தாவல்களுக்கு வேறு வழிகள் உண்டு. 87 அடி ட்ராக்கும் 174 அடி ட்ராக்கும் ஒரே வேகம்தான். ஒன்று நடக்கிறது, மற்றது அதே தூரத்தை இரண்டு எட்டாக வைக்கிறது. ரெகேயிலிருந்து டிரம் அண்ட் பேஸுக்கு நேராகப் போகும் வாசல் அது. இன்னொன்று பால்டெல்லியின் வழி. 33-இல் 90 அடி ஓடுவதை 45-இல் போட்டால் 121.5. சுருதி ஐந்து அரைச்சுரத்துக்கும் சற்று மேலே ஏறிவிடும் என்பதால் குரல் உள்ள ட்ராக்கில் அணில் பாடும். கருவியிசைக்கு மட்டும் பொருந்தும். எதிர்த்திசையில், 1986-இல் பெல்ஜியத்தின் ஏ ஸ்ப்ளிட் செகண்ட் குழு வெளியிட்ட தட்டு ஒன்றை அங்கத்திய டிஜேக்கள் 45-க்குப் பதில் 33-இல், பிட்சை (வேகக் கட்டுப்பாட்டை) கூட்டல் எட்டு சதவீதத்தில் வைத்து ஓட்டினார்கள். கணக்குப் போட்டால் மூல வேகத்தில் சரியாக 80 சதவீதம். அந்தக் கனத்த நடையிலிருந்து 'நியூ பீட்' என்ற பாணியே கிளம்பியது.

சுருதிக்கு டிஜேக்கள் கேமலாட் சக்கரத்தைப் பயன்படுத்துவார்கள். கடிகாரம்போல் 12 எண்கள். மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. ஏ மைனர் என்றால் 8ஏ, சி மேஜர் 8பி. அதே எண்ணுக்குள்ளோ பக்கத்து எண்ணுக்கோ போனால் உறுத்தாது. பலர் மறப்பது ஒன்று: கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை நிறுத்தி வைக்கும் வசதி) போடாமல் 6 சதவீதம் வேகம் கூட்டினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும், 8ஏ ட்ராக் 3ஏ ஆகிவிடும். அட்டையில் எழுதிய சுருதி அப்போது பொய். வேகத்தை முடிவு செய்த பிறகுதான் சுருதியைப் பாருங்கள். நம் காதுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தம்பூரா செயலியில் முதல் ட்ராக்கின் ஆதாரச் சுருதியை ஓடவிட்டு, அதன்மேல் அடுத்த ட்ராக்கைப் போடுங்கள். ஒட்டுகிறதா என்று பத்து நொடியில் தெரியும், சக்கரமே வேண்டாம்.

இனி இணைப்பு. நடன ட்ராக்குகள் நாலு அடிக்கு ஒரு பார், எட்டுப் பாருக்கு ஒரு வாக்கியம் என்று எழுதப்படுகின்றன. ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பார் ஓர் ஆவர்த்தனம், நாலு ஆவர்த்தனம் முடிந்தால் ஒரு வாக்கியம். 120 வேகத்தில் 16 நொடி. அடுத்த ட்ராக்கைச் சமத்தில்தான், அதாவது வாக்கியத்தின் முதல் அடியில்தான், எடுக்க வேண்டும். இரண்டு பார் தள்ளி எடுத்தால் அடி பொருந்தும், அர்த்தம் பொருந்தாது. முதல் ட்ராக் பேஸை இறக்கப்போகும் நேரத்தில் இரண்டாவதில் பேஸ் போய்விடும், கேட்கிறவருக்குப் படிக்கட்டில் ஒரு படி இல்லாத உணர்வு.

ஓர் இணைப்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். என்னிடம் 118 வேகத்தில் ஓர் இத்தாலிய 12 இஞ்சுத் தட்டு. கடைசி நிமிடம் வெறும் கைத்தட்டலும் கிக்கும். அடுத்து வைக்க நினைத்தது 112-இல் ஓடும் ஒரு ஜெர்மன் கருவியிசை. தொடக்கம் முழுக்க நீண்ட சிந்த் அலை, அடியே இல்லை. முதலில் இரண்டையும் 115-க்குக் கொண்டுவந்து கச்சிதமாக மிக்ஸ் செய்தேன். இரண்டுமே களை இழந்தன. பிறகு கைத்தட்டலை 118-இலேயே ஓடவிட்டு, அடியில்லாத அலையை மெல்ல அதன் அடியில் ஏற்றினேன். அலைக்கு அடி இல்லாததால் வேக வித்தியாசம் மோதவில்லை. நாலாவது ஆவர்த்தனத்தின் முடிவில் கிக்கை நிறுத்தினேன். அலை மட்டும் நின்றது. ஏழெட்டு நொடி எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஜெர்மன் கிக் தன் சொந்த 112-இல் வந்து விழுந்தது. குறைந்த வேகம்தான், ஆனால் அறை பெரிதானமாதிரி இருந்தது. பீட் மேட்சிங் (இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவது) செய்யாததால் கிடைத்த இணைப்பு அது.

முழு வரிசைக்கு ஒரு யோசனை: மிகவும் அபூர்வமான ட்ராக்கை முதலில் வைக்காதீர்கள், நடுவுக்குச் சற்று முன்னால் வையுங்கள். முதல் இரண்டு ட்ராக்கில் கேட்பவர் உங்கள் வேகத்துக்கும் ஒலிக்கும் பழகட்டும். விசித்திரமான ட்ராக்குக்கு அடுத்து எளிமையானது ஒன்று கட்டாயம் வேண்டும். விருந்தில் ரசத்துக்கு இருக்கும் இடம் அதற்கு. வரிசை முடிந்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும்போதோ வண்டியிலோ கேளுங்கள். கை தானாக 'அடுத்தது' பொத்தானுக்குப் போகும் இடம் எதுவோ, அந்த அட்டையை டப்பாவுக்குத் திருப்பி அனுப்புங்கள். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

ஏழாம் படி: உரிமை

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். வரிசை பாதி ஆகும்போதே தொடங்குங்கள், ஏனென்றால் கிடைக்காத ட்ராக்குகளால் வரிசை மாறும்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துச் சகோதரர்கள் டேவிட், ஸ்டீஃபன் டெவாலே '2மெனிடிஜேஸ்' என்ற பெயரில் 2002-இல் ஒரு மிக்ஸ் சிடி போட்டார்கள். அனுமதி கேட்ட கதையை அவர்களே கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டது 187 ட்ராக். 114-க்குச் சம்மதம், 62-க்கு மறுப்பு, 11-க்கு உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு 865 மின்னஞ்சல், 160 ஃபேக்ஸ். இது ஒரு லேபிளின் பின்பலத்தோடு நடந்தது.

ஒவ்வொரு ட்ராக்கிலும் இரண்டு உரிமைகள் உண்டு. பதிவின் உரிமை ஒன்று, பொதுவாக லேபிளிடம். பாட்டை எழுதியவரின் உரிமை இன்னொன்று, பதிப்பகத்திடமோ ஐபிஆர்எஸ் போன்ற சங்கத்திடமோ. இரண்டில் ஒன்று மட்டும் வாங்கினால் பாதி வீட்டுக்குத்தான் சாவி. பழசானால் இலவசம் என்ற நினைப்பும் தவறு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியான பிறகு 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. எலக்ட்ரானிக் நடன இசையில் ஏறக்குறைய எதுவுமே இன்னும் அந்த வயதைத் தொடவில்லை.

கடிதத்தில் தெளிவாகக் கேட்க வேண்டியவை: எந்த நாடுகளுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த வடிவங்களுக்கு, எத்தனை பிரதி, முன்பணம் எவ்வளவு. மிக்ஸ் என்றால் வெட்டவும் வேகம் மாற்றவும் தனியாக அனுமதி கேளுங்கள். சும்மா 'தொகுப்பில் சேர்க்க' என்று வாங்கிய அனுமதி அதற்குப் போதாது. எல்லோருக்கும் சமத் தொகை என்ற பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஒருவருக்கு ஏற்றினால் எல்லோருக்கும் ஏற்ற வேண்டும். விலை பேசும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ட்ராக்கே வேறு பாட்டிலிருந்து சாம்பிள் (ஒலித் துண்டு) எடுத்திருந்தால், லேபிள் கையெழுத்துப் போட்டாலும் உங்கள் தலைமேல் கத்தி தொங்கும். அப்படிப்பட்டதை நான் சேர்ப்பதில்லை.

எனக்கு ஒருமுறை, மூடிப்போன ஒரு சிறு லேபிளின் உரிமையாளர் என்று சொன்னவர் போனிலேயே தாராளமாகச் சம்மதித்தார். இரண்டு மாதம் கழித்து அவருடைய பழைய பங்குதாரர் கிளம்பி வந்தார், பத்திரம் அவரிடம்தான் இருந்தது. ட்ராக்கை எடுக்க வேண்டியதாயிற்று, அதோடு அதற்கு இரண்டு பக்கமும் செய்திருந்த இணைப்புகளும் போயின. அன்றிலிருந்து 'எப்படி உங்களிடம் வந்தது' என்று கூச்சப்படாமல் கேட்கிறேன். லேபிள் கைவிட்டாலும், பதிவு செய்த கலைஞரையே தேடிப் போங்கள். பல சமயம் உரிமை அவரிடமே திரும்பியிருக்கும். பணம் நேராக அவர் கைக்குப் போகும்.

எட்டாம் படி: ஒலி சமன்

1983-இன் தட்டு மெதுவாக ஒலிக்கும், 2005-இன் கோப்பு சுவர்போல் உரத்து நிற்கும். மெதுவானதை ஏற்றாதீர்கள், உரத்ததை இறக்குங்கள். லவுட்னஸ் மீட்டரில் அருகருகே கொண்டுவந்துவிட்டு, கடைசி முடிவைக் கண்ணை மூடிக் காதிடம் விடுங்கள். எல்பி போடுவதென்றால் அடி பேஸ் இரண்டு பக்கமும் ஒன்றாக, மோனோவாக இருக்கட்டும், இல்லையென்றால் முள் துள்ளும். மிச்சத்தை மாஸ்டரிங் செய்கிறவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து டீ குடியுங்கள்.

ஒன்பதாம் படி: உறைக் குறிப்பு, பிறகு சோதனைத் தட்டு

குறிப்பில் யார் வாசித்தார், எங்கே, எந்த ஆண்டு, எந்த மெஷின். பெயர்களின் எழுத்தை அவர்களிடமே சரிபாருங்கள். 'மறக்கப்பட்ட மேதை' என்று எழுதக் கை வந்தால் தடுத்துவிடுங்கள். சரண்ஜித் சிங்கை யாரும் தொலைக்கவில்லை. அவர் மும்பையில் தன் வீட்டில்தான் இருந்தார், மறுவெளியீட்டுக்குப் பிறகு ஐரோப்பிய மேடைகளிலும் வாசித்தார், 2015-இல் காலமானார்.

எல்பிக்கு அச்சகம் முதலில் சில சோதனைத் தட்டுகளை அனுப்பும். முதல் பக்கத்தின் முதல் ட்ராக்கைப் போட்டு 'அடடா' என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அங்கே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். தட்டின் ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அதே நொடிக்கு 21-தான். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி ட்ராக்கை முதலில் கேளுங்கள். 'ஸ' என்ற ஒலி கரகரக்கிறதா, ஹை ஹேட் மணலாகிறதா என்று பாருங்கள். கரகரத்தால் அந்த இடத்துக்குக் குரலும் கூர்மையும் குறைந்த ட்ராக் ஒன்று வேண்டும். அட்டைகளைத் திரும்பத் தரையில் பரப்புங்கள். ஃபேன்.